வாட்ச் சொல்வது ஒன்று, கொப்பியில் இருப்பது வேறு: ஜிம் கணக்கை எப்படிச் சரியாக எழுதுவது?

உவர்மலைக் கணக்கர்

வணக்கம். திருகோணமலை மத்திய வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 46, நிறை 74 கிலோ. தை மாதம் கிளினிக்கில் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன் ஆறு மாதம் உடம்பை அசைத்துப் பாருங்கள், ஆடியில் திரும்ப இரத்தம் பார்ப்போம் என்றார் டொக்டர். அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கடை பூட்டியபிறகு ஜிம்முக்குப் போகிறேன். மற்ற நாட்களில் விடிய ஐந்தரைக்குக் கோட்டை வாசலில் தொடங்கிக் கோணேசர் கோவில் வரை ஏறி இறங்குகிறேன். இதுவரை ஒரு கிழமையும் தவறவிடவில்லை.

ஜிம்மில் செய்வதை முதல் நாளிலிருந்தே ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வருகிறேன். என்ன பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை ரெப் (ஒரு அசைவை ஒருமுறை முழுதாகச் செய்வது), எத்தனை செட் (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் ரெப்புகள்) எல்லாம் இருக்கும். சித்திரையில் கனடாவிலிருந்து வந்த அக்கா தன் கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்சைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டுப் போனார். அதிலிருந்துதான் எனக்குக் கணக்கு இடிக்கத் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை நெஞ்சு, முதுகு, கால் எல்லாம் சேர்த்து 45 நிமிடம் செய்தேன். 286 கலோரி என்று காட்டியது. வியாழக்கிழமை அதே பயிற்சி, அதே எடை, அதே 45 நிமிடம். 431 காட்டியது. கடையில் ஒரே சரக்குக்கு இரண்டு விலை எழுதினால் முதலாளி என்னை என்ன கேட்பார்?

நாடியும் அப்படித்தான். டெட்லிஃப்ட் (எடை கோத்த இரும்புப் பாரை நிலத்திலிருந்து தூக்கி நிமிர்வது) தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது பார்த்தால் 78. பாரைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சில் இருந்து தண்ணீர் குடிக்கும்போது 131 என்கிறது. வாட்ச் பழுது என்று நினைத்துக் கோவில் ஏற்றத்தில் சோதித்தேன். மான்கள் நிற்கிற இடத்தில் நின்று கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணினேன். 27. நாலால் பெருக்க 108. வாட்சில் 110. அங்கே இவ்வளவு சரியாகச் சொல்கிற சாமான் ஜிம்முக்குள் போனதும் ஏன் பிழைக்கிறது?

ரெப் எண்ணுவதைச் சொல்லவே வேண்டாம். லாட் புல்டவுன் 12 இழுத்தால் 9 என்று எழுதுகிறது. காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸுக்கு ஒன்றுமே இல்லை. துவாயால் முகம் துடைத்ததை 4 ரெப் என்று எழுதியிருந்தது. அதோடு போனில் கொப்பிக்குப் பதிலாக ஒரு பயிற்சிச் செயலியும் போட்டுப் பார்த்தேன். இப்போது ஒரே பயிற்சி இரண்டு முறை பதிவாகி, நாளின் மொத்தம் இரட்டிப்பாகத் தெரிகிறது.

இன்னொரு கவலையும் உண்டு. பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் 40 கிலோவுக்கு 12 ரெப் போட்டுக்கொண்டிருந்தவன், கடந்த மூன்று கிழமையாகச் சில நாட்களில் 9க்கு மேல் போக முடியாமல் நிற்கிறேன். பெலன் குறைகிறதோ என்று பயமாக இருக்கிறது.

ஆடி மாதம் டொக்டர் முன்னால் ஒழுங்கான பதிவு ஒன்றைக் கொண்டுபோய் வைக்க ஆசை. எதைக் கொப்பியில் எழுதுவது, எதை வாட்சிடம் விடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியாப் பாலத்து ஓட்டக்காரன்

அண்ணன், உங்கள் வாட்ச் பழுது இல்லை. எனக்கும் இதே மாதிரி ஒன்று நடந்தது. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கிண்ணியாப் பாலத்தில் போய் வந்து ஓடுவேன். 396 மீட்டர் பாலம், கணக்கு வைக்க வசதி. ஒருநாள் மெதுவாகத்தான் ஓடினேன், வாட்ச் 172 என்று நாடி காட்டியது. நின்று விரலால் எண்ணினால் 140கூட இல்லை. பிறகுதான் விளங்கியது, அந்த 172 என்னுடைய காலடி எண்ணிக்கை. ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறேனோ அந்த ஆட்டத்தை நாடித் துடிப்பென்று பிடித்துக்கொண்டது.

வாட்சுக்கு அடியில் பச்சை வெளிச்சம் மின்னுகிறதே, அது தோலுக்குக் கீழே ஓடும் இரத்தம் கூடிக் குறைவதைத்தான் பார்க்கிறது. வாட்ச் தளர்வாக இருந்து ஆடினால் வெளிச்சம் சிதறிவிடும். மணிக்கட்டு எலும்புக்கு மேல், முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் தள்ளிக் கட்டுங்கள். பயிற்சி நேரத்தில் மட்டும் ஒரு துளை இறுக்குங்கள், முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். வியர்வையைத் துடைத்துவிட்டுக் கட்டுங்கள்.

ஜிம்முக்குள்ளும் நாடி சரியாகத்தான் வேண்டும் என்றால் நெஞ்சுப் பட்டி வாங்க வேண்டும். அது வெளிச்சத்தால் பார்ப்பதில்லை, இதயத்தின் மின் துடிப்பை நேரடியாக எடுக்கிறது. போலார் எச்10 மாதிரியானவை புளூடூத்தில் போனோடு சேரும். ஆனால் உங்கள் தேவைக்கு அது அவசியமா என்று எனக்குச் சந்தேகம். ஓடுகிற எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

அனுராதபுரச் சந்தித் தம்பி

அண்ணா, நான் போன் திருத்துகிறவன். இரட்டைப் பதிவு விசயத்தை மட்டும் சொல்கிறேன்.

வாட்சின் செயலியும் பயிற்சிச் செயலியும் இரண்டுமே போனில் உள்ள பொதுப் பெட்டிக்குள் எழுதுகின்றன. ஆண்ட்ராய்ட் 14இலிருந்து ஹெல்த் கனெக்ட் என்று அந்தப் பெட்டி போனுக்குள்ளேயே வருகிறது. அதைத் திறந்தால் ஒவ்வொரு செயலிக்கும் எழுத அனுமதி வேறு, வாசிக்க அனுமதி வேறு என்று இருக்கும். உடற்பயிற்சி, கலோரி இரண்டையும் எழுதும் அனுமதியை வாட்சின் செயலிக்கு மட்டும் விட்டு, மற்றதற்கு நிறுத்திவிடுங்கள். ஏற்கனவே இரண்டாக விழுந்ததை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். வாட்ச் தானாகவே பயிற்சியைக் கண்டுபிடித்துப் பதிகிற வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். நீங்கள் கையால் தொடங்கியதும் அது தானாகத் தொடங்கியதும் சேர்ந்துவிட்டால் திரும்பவும் இரட்டைதான்.

தொடங்கும்போது ‘வலிமைப் பயிற்சி’ என்பதைத் தெரிவு செய்யுங்கள், நடை என்றோ ‘மற்றவை’ என்றோ விடாதீர்கள். கார்மின் போன்றவற்றில் ஒரு செட் முடிந்ததும் கீழ்ப் பொத்தானை அமத்தினால் ஓய்வு நேரம் ஓடத் தொடங்கும், அந்த ஓய்வுக்குள் ரெப்பையும் எடையையும் திருத்தலாம். உங்கள் வாட்சிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த வாட்ச் அக்கா பாவித்தது என்றீர்கள். அதற்குள் இருக்கும் விபரம் யாருடையது? பெயர், வயது, ஆண் பெண், உயரம், நிறை எல்லாவற்றையும் வைத்துத்தான் அது கலோரி கணக்கிடும். நேரமும் கனடா நேரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

பளுதூக்கும் ரீச்சர்

தம்பி, 46 வயதில் கிழமை தவறாமல் ஜிம்முக்குப் போய்க் கொப்பியும் எழுதுகிறீர்கள் என்று வாசிக்க எனக்கு உண்மையிலேயே சந்தோசம். முப்பது வருடம் பாடசாலையில் உடற்கல்வி படிப்பித்தேன், இளமையில் பளுதூக்கினேன், இப்போதும் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாடி. பாரை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசையும் நரம்பும் புடைத்து, வாட்சின் அடியில் தோல் அசைகிறது, இரத்த ஓட்டமும் மாறுகிறது. அதற்குமேல், ஒரு செட் முப்பது விநாடியில் முடிந்துவிடும். வாட்ச் சில விநாடிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்துத்தான் எண் காட்டும். ஆகவே நீங்கள் தூக்கும்போது பழைய எண்ணும், இருந்து தண்ணீர் குடிக்கும்போது தூக்கியதன் எண்ணும் வருகிறது. கோவில் ஏற்றத்தில் பல நிமிடம் ஒரே சீராக நடக்கிறீர்கள், கையும் தளர்வாக இருக்கிறது. அதனால் அங்கே சரியாக வருகிறது. நடைக்கு அதன் நாடியை நம்புங்கள். டெட்லிஃப்ட்டின் நடுவில் அதைப் பார்க்கவே வேண்டாம்.

இனிக் கலோரி. 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகைக் கைக்கருவிகளைக் கட்டி, நடக்க, ஓட, சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். நாடியில் ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள் வந்தன. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருந்ததில் நல்லது சராசரியாக 27 சதவீதம் பிழைத்தது, மோசமானது 93 சதவீதம். அதுவும் நடை, ஓட்டம், சைக்கிளில். பளு தூக்குவதில் நாடி ஏறுவதற்கும் உடம்பு ஒட்சிசன் எரிப்பதற்கும் உள்ள உறவே வேறு. மூச்சை அடக்கி முக்கும்போது நாடி ஏறும், ஆனால் அந்த அளவுக்குச் சக்தி செலவாகியிருக்காது.

உங்கள் வியாழக்கிழமை 431க்கு நான் ஒரு காரணம் சொல்லட்டுமா? அன்று பின்னேரம் இரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லை. உங்கள் ஜிம்மிலும் காற்றாடி நின்றிருக்கும். வெளியே கச்சான் காற்று அனலாக அடிக்கிறது. உடம்பைக் குளிரவைக்க இதயம் தோலுக்கு இரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், அதே வேலைக்கு நாடி கூடும். கூடின நாடியைப் பார்த்து வாட்ச், இவர் கூடுதலாக உழைத்தார் என்று எழுதிவிடும். நீங்கள் உழைத்தது அதே அளவுதான், வெக்கைதான் கூட.

ஒரு மட்டுமட்டான கணக்கு வேண்டுமென்றால் கையாலேயே போடலாம். சாதாரண வேகத்தில் பல பயிற்சிகளை 8 முதல் 15 ரெப் வரை செய்வதற்கு 3.5 மெட் என்று வைக்கிறார்கள். ஒரு மெட் என்பது சும்மா இருக்கும்போது ஒரு கிலோ நிறைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 கலோரி. 74ஐ 3.5ஆல் பெருக்கி முக்கால் மணிக்கு எடுத்தால் 194. அதிலும் 55 கதிரையில் சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும். மிச்சம் 140க்குக் கிட்ட. 431 எரித்தேன் என்று நம்பி வீட்டுக்குப் போய் இரண்டு ரொட்டி கூடச் சாப்பிட்டால் யாருக்கு நட்டம்? உங்கள் சீனிக்குத்தான். ஜிம் நாளில் கலோரி என்ற பத்தியையே கொப்பியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ரெப்பை வாட்ச் எண்ணுவது மணிக்கட்டின் அசைவை வைத்து. லெக் பிரஸ்ஸில் கை கைபிடியில் அசையாமல் இருக்கிறது, அதற்கு என்ன தெரியும்? நீங்களே எண்ணுங்கள், செட் முடிந்த உடனே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் நினைத்து எழுதுவது கூடாது. மூன்றாவது செட் எத்தனை என்று அப்போது நினைவில் நிற்காது, மனம் ஒன்றிரண்டு கூட்டிச் சொல்லும்.

என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வரி இப்படி இருக்கும்:

வியாழன். 6.10–6.55. கரண்ட் இல்லை. பெஞ்ச்: சின்னப் பார் + கறுப்பு பத்து ஒரு சோடி. 12, 11, 9. மிச்சம் 2, 1, 0. ஓய்வு 2 நிமிடம்.

‘மிச்சம்’ என்பது, நிறுத்திய இடத்திலிருந்து ஒழுங்கான முறையில் இன்னும் எத்தனை போட்டிருக்கலாம் என்பது. அதுதான் இந்த வரியின் உயிர். போன மாதம் 12 போட்டு மிச்சம் 0, இந்த மாதம் அதே எடையில் 12 போட்டு மிச்சம் 3 என்றால் பெலன் ஏறியிருக்கிறது. எடையும் ரெப்பும் மாறாவிட்டாலும் அந்த ஒரு எண் சொல்லிவிடும். வாட்ச் என்ன விலை என்றாலும் இதை அறியாது, உங்கள் உடம்புக்குத்தான் தெரியும்.

எடையை எழுதும்போது கவனம். போட்டிப் பார் ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15. அதைக் கேட்டுவிட்டு எந்த ஜிம்மில் எந்தப் பாரைக் கண்டாலும் 20 என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். நம் ஊர் ஜிம்களில் உள்ள ஒல்லிப் பார்கள் பல அதில் பாதிகூட இருக்காது. பாரின் இரண்டு பக்கமும் கோக்கும் பிளேட்டும் அப்படித்தான், கிலோவும் றாத்தலும் ஒரே தட்டில் கலந்து கிடக்கும். கப்பி மெசினில் ஊசி குத்தியிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கை இரண்டு அடி இழுக்க எடைக் கட்டி ஒரு அடிதான் ஏறுகிறது என்றால், கையில் வருவது பாதிச் சுமை. அதனால் எந்த மெசின், எத்தனையாம் துளை என்று எழுதுங்கள், இன்னொரு மெசினோடு ஒப்பிடாதீர்கள்.

உங்கள் பெஞ்ச் 12, 9 விசயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்த 40 கிலோவை நீங்கள் எப்படிக் கூட்டினீர்கள்?

உவர்மலைக் கணக்கர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் தம்பி கேட்டது. வாட்சுக்குள் இருந்தது அக்காதான். பெண், வயது 53, நிறை 61 கிலோ. அப்படியே மூன்று மாதம் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். என் விபரத்தைப் போட்டுவிட்டேன். ஹெல்த் கனெக்ட்டில் நீங்கள் சொன்னதுபோல் ஒரு செயலிக்கு மட்டும் எழுத விட்டேன், இப்போது இரட்டைப் பதிவு இல்லை.

ரீச்சர், உங்கள் கேள்விக்குப் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. 40 என்பதைப் பார் 20, இரண்டு பக்கமும் பத்துப் பத்து என்று கூட்டியிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாக எழுதியதுதான். சனிக்கிழமை ஜிம் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, கடையில் ஆணியும் கம்பியும் நிறுக்கும் தொங்கு தராசைக் கொண்டுபோனேன். முதலில் கடையில் உள்ள முத்திரை குத்திய 5 கிலோப் படியைத் தூக்கிப் பார்த்தேன், சரியாக 5.0 காட்டியது. பிறகு பாரின் நடுவில் கயிறு கட்டித் தூக்கினோம்.

9.2 கிலோ.

அடுத்துப் பிளேட்டுகள். கறுப்புப் பத்து இரண்டும் 9.7, 9.8. நீலப் பெயின்ட் அடித்த பத்து ஒரு சோடி இருக்கிறது, கறுப்பை வேறு யாராவது எடுத்துவிட்டால் நான் அதைத்தான் போடுவேன். அவை இரண்டும் 11.3. வெள்ளையால் 10 என்று எழுதியிருந்த இடத்தைச் சாவியால் சுரண்டினேன். பெயின்ட்டுக்கு அடியில் இரும்பிலேயே வார்த்த 25 தெரிந்தது. 25 றாத்தல். யாரோ ஒருவர் மட்டுமட்டாகப் பத்து என்று எழுதிவிட்டிருக்கிறார்.

ஆக, நான் 40 என்று எழுதியது சில நாள் 28.7, சில நாள் 31.8. கொப்பியில் எல்லாம் ஒரே 40. உரிமையாளர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, எல்லாப் பிளேட்டிலும் சரியான எடையை எழுதச் சொல்லிப் பெயின்ட்டும் தூரிகையும் தந்தார். இரவு ஒன்பதரை வரை இருந்து எழுதினோம்.

பளுதூக்கும் ரீச்சர்

தம்பி, கண் கலங்கிவிட்டது. முப்பது வருடத்தில் ஒரு பிள்ளைகூடப் பிளேட்டை நிறுத்துப் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். ஒரே ஒரு முறை அதிகபட்சம் எவ்வளவு தூக்கலாம் என்பதை மதிப்பிட எப்லி என்பவரின் சூத்திரம் ஒன்று உண்டு. ரெப்பை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். கறுப்புப் பிளேட்டில் 28.7 கிலோவுக்கு 12 ரெப் போட்டீர்கள். 1.4ஆல் பெருக்க 40.2. நீலப் பிளேட்டில் 31.8 கிலோவுக்கு 9. 1.3ஆல் பெருக்க 41.3. சூத்திரம் மட்டுமட்டானதுதான், ஒரு கிலோ வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. ஆனால் குறையவில்லை என்பது தெளிவு. உங்களுக்குப் பெலன் குறைந்தது என்று காட்டியது நீலப் பெயின்ட்தான்.

பழைய பக்கங்களை அழிக்காதீர்கள். நீலமா கறுப்பா என்று நினைவில்லாத நாட்களுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, பிளேட்டுகளைத் தராசில் நிறுத்த நாளிலிருந்து புதுப் பக்கம் தொடங்குங்கள்.

டொக்டருக்கு முழுக் கொப்பியும் வேண்டாம். ஒரு தாள் போதும். கிழமைக்கு எத்தனை நாள் பளுப் பயிற்சி, நடை மொத்தம் எத்தனை நிமிடம், மாத ஆரம்பத்தில் நிறையும் இடுப்புச் சுற்றும். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான நடை போன்றதும், இரண்டு நாளாவது தசைக்கு வேலையும் வேண்டும் என்கிறது. நடை நிமிடங்களை வாட்சிலிருந்து எடுங்கள், அதில் அது கெட்டிக்காரன். பளு நாட்களைக் கொப்பியிலிருந்து எடுங்கள். வாட்சை ஜிம்மிலும் கட்டிக்கொண்டே இருங்கள், தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் அதிலிருந்து கொப்பிக்கு வரட்டும். வேறெதுவும் அங்கிருந்து வரத் தேவையில்லை.

உவர்மலைக் கணக்கர்

அப்படியே செய்கிறேன் ரீச்சர். இன்று செவ்வாய். புதுப் பக்கத்தின் முதல் வரி: 6.05–6.52. காற்றாடி ஓடியது. பெஞ்ச்: 28.7. 13, 12, 11. மிச்சம் 2, 1, 1. ஓய்வு 2 நிமிடம்.

கலோரிப் பத்தியைக் கோடு போட்டு அடைத்துவிட்டேன். கோவில் ஏற்றம் இந்தக் கிழமை 164 நிமிடம்.

கிண்ணியாப் பாலத்து ஓட்டக்காரன்

மாஷா அல்லாஹ் அண்ணன். எங்கள் ஜிம்மிலும் நீலப் பிளேட் இருக்கிறது. அந்தத் தராசு எத்தனை கிலோ வரை தாங்கும்? வாங்க வேண்டுமா?

உவர்மலைக் கணக்கர்

ஐம்பது கிலோ வரை தாங்கும் தம்பி. வாங்கத் தேவையில்லை, மீன் வாடியில் கேளுங்கள். காலை பத்துக்குப் பிறகு தராசு அவர்களுக்குச் சும்மாதான் இருக்கும். முதலில் எடை தெரிந்த ஏதாவது ஒன்றைத் தூக்கிச் சரிபார்த்துவிட்டு நிறுங்கள்.